நாலு மார்க் கூடுதல்

அத்தியாயம் ஆறு

சனிக்கிழமை பகல் இரண்டேகால் மணிக்கு, மங்கையர்க்கரசி அம்மையார் அன்றைய நாளில் மூன்றாவது முறையாக அதே ஆட்டோவிலிருந்து அதே பள்ளத்தின் முன்னே இறங்கினார்.

பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவைக் குழாய் பதிப்பதற்காகத் தோண்டி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குழாய் வந்தபாடில்லை, பள்ளம் மூடியபாடும் இல்லை. தோண்டிய மண் மட்டும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது.

"பாத்து எறங்குங்க மேடம். போன வாரம் ஒரு ஆடு உள்ள விழுந்துச்சாம். வெளிய வர்றதுக்கு இன்னும் மனு எழுதிக்கினு இருக்குதாம்" என்றான் காஜா.

அம்மையார் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் சிறிது தெம்பு வேண்டும். வயது ஐம்பத்தாறு. அஞ்சல் துறையில், காணாமற்போன பொதிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் அலைந்து, முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, விருப்ப ஓய்வு பெற்றவர். ஆயினும் ஓய்வு தாளில்தான் இருந்தது. ஊரில் எது தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வந்தார்கள். காஜாவோ நாற்பது வயது ஆட்டோக்காரன். உதவியாளன் என்னும் பதவியை அவனுக்கு எவரும் அளிக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

"எத்தனை மணி காஜா?"

"ரெண்டேகால். ஐயா ஸ்டேஷனுக்குக் கிளம்ப இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்குது. ஒரு பிரியாணி தின்னு, ஒரு தூக்கம் போட்டு, குற்றவாளியையும் புடிக்கலாம்."

வழக்கு இதுதான். மணிவண்ணன் என்னும் நெசவாளர் வீட்டில், ஒரு முகூர்த்தப் புடவைக்கென்று வாங்கி அலமாரியில் வைத்திருந்த ஆறு மார்க் அசல் ஜரிகை காணாமற்போயிற்று. நேற்று முன்தினம், வியாழக்கிழமை, புடவையின் முந்திக்காக அவர் அலமாரியைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. வாசலில் கேமரா இருந்தது. அதில் பதினைந்து நாள் பதிவும் இருந்தது. பதினைந்து நாளும் அந்த வீட்டை விட்டு நாள்தோறும் வெளியே போன கூடை ஒன்றே ஒன்று. அது நீலாம்பாளுடைய கூடை.

நீலாம்பாள், அவ்வீட்டிற்குப் பதினோரு ஆண்டுகளாகத் தார் சுற்றித் தருபவள். பட்டு நூலை அங்கே நிறுத்து வாங்கிப் போய், இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டில், தறிநாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சிகளில் தாராகச் சுற்றி, மறுபடி நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். இத்தொழிலில் முதலீடு என்று அவளிடம் இருந்தவை ஓர் இராட்டையும் ஒரு நற்பெயரும்தாம். அவள்மீது புகார் எழுதப்பட்டால், மறுநாள் முதல் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீடும் அவள் கூடையில் ஒரு முழ நூல்கூடப் போடாது. மணிவண்ணன் மாலை ஐந்து மணிக்குப் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை பொறுத்திருந்ததும் மனைவியின் வேண்டுகோளுக்காகவே. அம்மையாரை அழைத்தவளும் அந்த மனைவிதான், பெயர் கீர்த்தி, பள்ளியில் கணக்கு ஆசிரியை.

உள்ளே கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மணிவண்ணன் தலை நிமிரவில்லை.

"வாங்கம்மா. கேமராவை இன்னொரு வாட்டி பாக்கப் போறீங்களா?"

"இல்லையப்பா. என் கண்ணில் இதற்குமேல் உன் வாசற்படி ஏறாது."

"நான் மட்டும் ஆசப்பட்டா சொல்றேன்? பதினோரு வருஷமா எங்க வூட்டு மனுசியாட்டம் இருந்தவங்க. வேற யாருன்னு நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்." மறுபடி மிதியை மிதித்தார். தறிச்சத்தம் பேச்சை மூடிவிட்டது.

கூடத்தை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. கீர்த்தி உறங்குவதும் விடைத்தாள் திருத்துவதும் அங்கேதான். ஜரிகை இருந்த அலமாரி நின்றதும் அங்கேதான். மூலையில் கறுப்பு நிறத்தில், சிறு குடம்போல ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் இரைந்துகொண்டிருந்தது. கீர்த்தி கட்டிலில் அமர்ந்து, பேசுவதற்கு முன் ஒரு மூச்சும் பேசியபின் ஒரு மூச்சுமாக இழுத்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதத் தெருமண் அவளுடைய நெஞ்சில் பாதியாவது இறங்கியிருக்கும்.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"கால்வலி கிடைத்தது" என்று நாற்காலியில் மெல்ல அமர்ந்தார் அம்மையார். "அம்மா, இந்த வீட்டிலிருந்து பதினைந்து நாளில் வெளியே போனவற்றை மறுபடி சொல்லு."

"என் ஸ்கூல் பை. நீலாம்பாக்கா கூடை. போன திங்கக்கிழமை கடைக்குத் திருப்பிக் குடுத்த மெஷின் பெட்டி. அதைக் காலையிலேயே கேட்டீங்களே. என் கண்ணு முன்னாடி உள்ள வெச்சு, நானே டேப் ஒட்டினேன்."

"அந்தக் கதையைச் சொல்லு. எந்திரத்தை ஏன் திருப்பினாய்?"

கீர்த்தியின் முகத்தில் அன்று முதன்முறையாகச் சற்றே உயிர் வந்தது. தலையணைக்கடியிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

சுத்திகரிப்பான் வாங்கச் சொன்னவர் மருத்துவர். வாங்குகிற விலைக்குள் இரண்டுதான் கிடைத்தன. ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பு. இரட்டை மண்டபத்துக்கு அருகிலுள்ள கச்சபா ஹோம் அப்ளையன்ஸ் கடையில் இரண்டையும் இருபது நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். வேறு எவராயினும் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். கீர்த்தி தேர்வு வைத்தாள். ஒருநாள் வெள்ளை, ஒருநாள் கறுப்பு. காற்று வீச்சுக்குப் பத்து, சத்தத்துக்குப் பத்து, காலையில் எழுந்ததும் தன் மூச்சுக்குப் பத்து. எல்லாம் சிவப்பு மையில்.

காஜா எட்டிப் பார்த்தான். "யா அல்லா! மெஷினுக்கே அரைப்பரீட்சையா? காப்பி அடிச்சா வெளிய நிக்க வெப்பீங்களா டீச்சர்?"

"கறுப்பு எப்பவும் ஆறு. சுமாரான பையன், ஆனா ஒழுங்கு. வெள்ளைதான் மோசம் பண்ணிடுச்சு."

அம்மையார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டார். வெள்ளையின் மூச்சுக்கணக்கு முதல் நான்கு முறை எட்டு, எட்டு, ஏழு, எட்டு என்றிருந்தது. அதன்பின் மூன்று முறை இரண்டு, ஒன்று, இரண்டு. காற்று வீச்சோ முதலில் ஏழு; பின்னர் ஒன்பது.

"விசித்திரமாக இருக்கிறதே. வீச்சு கூடியிருக்கிறது, மூச்சு கெட்டிருக்கிறது."

"ஆமா மேடம். நல்லா ஜில்லுனு அடிக்குது, ஆனா காலையில எழுந்தா இழுக்குது. விளக்கு மட்டும் கடைசி வரைக்கும் பச்சை."

"எங்க வார்டு கவுன்சிலர் மாதிரி" என்றான் காஜா.

எட்டுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டத்தில் 'விடுமுறை' என்று எழுதியிருந்தது.

"இது என்னம்மா?"

"அது போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அன்னிக்குக் கடையில இருந்து தினகரன்னு ஒருத்தர் வந்து ரெண்டு மெஷினையும் தூசி தட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் என் தம்பி விக்னேஷ் வேலூர்லருந்து வந்துட்டான். அவன்தான் இந்த வாசல் கேமரா எல்லாம் மாட்டிக் குடுத்தவன். ரூம்ல அவனைப் படுக்க வெச்சிட்டு நான் கூடத்துல படுத்தேன். அதனால தேர்வு இல்ல."

"தினகரன் இந்த அறையில் தனியாக இருந்தானா?"

"தண்ணி கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள... அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அலமாரிச் சாவி?"

கீர்த்தி சுவரைக் காட்டினாள். நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஊரில் பாதி அலமாரிகளின் சாவிகள் தொங்குமிடம் அதுதான்.

காஜாவின் கண்கள் விரிந்தன. அம்மையாருடைய கண்கள் அவ்வளவு எளிதில் விரிவன அல்ல. "ஆனால் அவன் வெறுங்கையோடு போனதைக் கேமராவில் பார்த்தோமே" என்று சோர்வுடன் சொல்லிவிட்டு எழுந்தார்.

"வெள்ளைக்கு நான் ஃபெயில் போட்டேன்" என்றாள் கீர்த்தி, தாளை மடித்தபடி. "பாவம், நீலாம்பாக்காதான் அதுக்குப் பரிஞ்சு பேசினாங்க. பெட்டியில தூக்கி வெக்கும்போது, 'இதுக்கு நாலு மார்க் கூடவே இருக்குதும்மா'ன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்க மேல போயி..." மேலே சொல்ல அவளுக்கு மூச்சு போதவில்லை.

அம்மையார் வாசற்படியில் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பொதிகளோடு வாழ்ந்த உடம்பில், மனத்துக்கு முன்பே கால்களுக்குச் சில செய்திகள் எட்டிவிடும்.

"காஜா, நீலாம்பாள் வீட்டுக்குப் போகலாம்."

"நடந்தா?"

"பள்ளத்தில் ஆட்டோ ஓடுமென்றால் ஓட்டு."

நீலாம்பாள் இராட்டைக்கு முன்னே சும்மா அமர்ந்திருந்தாள். இராட்டையில் நூல் இல்லை. இரண்டு நாளாக எவரும் கொடுக்கவில்லை. சேதி அதற்குள் இரண்டு தெரு கடந்து வந்திருந்தது.

"போலீஸு வருதாம்மா?" என்றாள், எழாமலே.

"இன்னும் இல்லை. ஒரு கேள்வி கேட்க வந்தேன். அந்த வெள்ளை எந்திரத்துக்கு நீ நாலு மார்க் கூடப் போட்டாயாமே, எதற்காக?"

நீலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எதுக்கும்மா மிஷினுக்கு மார்க் போடறேன்? நான் இன்னா வாத்தியாரா? டீச்சரம்மாதான் எந்நேரமும் சோப்புப் பேனால எழுதிக்கினு இருப்பாங்க."

"சிவப்புப் பேனா" என்று திருத்தினான் காஜா.

"ஏதோ ஒண்ணு. நான் கனத்தைச் சொன்னேன்மா. வந்த அன்னிக்கும் நான்தான் எறக்கினேன், போன அன்னிக்கும் நான்தான் தூக்கி வெச்சேன். வந்தப்போ லேசா இருந்துச்சு. போறப்போ நாலு மார்க்கு கூட இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன். டீச்சரம்மா சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்."

ஜரிகை மார்க் கணக்கில்தான் விற்கும். ஒரு மார்க் என்பது கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. பள்ளிக்கூடத்தில் மார்க் என்றால் ஒன்று; தறிவீட்டில் மார்க் என்றால் வேறொன்று. செங்கல்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கணக்கு ஆசிரியைக்கு முதலாவது மட்டுமே காதில் விழுந்தது. இரண்டாவதை உடனே பிடித்திருக்கக்கூடிய மணிவண்ணனோ அந்நேரம் தறியை விட்டு எழவில்லை.

"பதினஞ்சு நாள்ல நாலு மார்க் தூசியா?" என்றான் காஜா. "நம்ம தெருவுக்கு அதெல்லாம் ஜுஜுபி மேடம்."

"நீலாம்பாள், கையால் தூக்கியே உனக்குத் தெரியுமா?"

"முப்பது வருசமா தராசுக்கு முன்னாடி கைதானம்மா தூக்குது."

அம்மையார் தம் கைப்பையை நீட்டினார். நீலாம்பாள் அதை வாங்கி, உள்ளங்கையில் ஒருமுறை ஏற்றி இறக்கினாள். "மூணரை மார்க்கு. உள்ள குடை வெச்சிருக்கீங்க. அதை எடுத்தா ரெண்டு." மூலையிலிருந்த சிறு தராசில் காஜா வைத்துப் பார்த்தான். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் தானாக மூடியது அந்த வாரத்தில் அதுவே முதல் முறை.

"ஆனால் போனது ஆறு மார்க்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார் அம்மையார். "கூடியது நான்கு. இரண்டு எங்கே?"

நீலாம்பாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் எதனா தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லை. நீ ஒருத்திதான் சரியாகச் சொன்னாய். மற்றவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை."

மூன்று மணிக்கு மறுபடி அதே அறை. அம்மையார் கறுப்பு எந்திரத்தைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகச் சொன்னார். உள்ளிருந்து உருளையாக, மடிப்பு மடிப்பாகக் காகிதம் சுற்றிய வடிகட்டி ஒன்று வெளியே வந்தது. அதை எடுத்தபின் எந்திரத்தின் வயிறு வெறும் பானையாயிற்று. ஆறு மார்க் ஜரிகை என்ன, ஒரு படி அரிசியே கொள்ளும்.

"எந்திரத்தின் வயிற்றிலிருந்து இதை எடுத்துவிட்டால் காற்று தடையில்லாமல் அடிக்கும், ஆனால் தூசி நிற்காது. வீச்சு ஒன்பது, மூச்சு இரண்டு. உன் தாள் முதல் நாளே சொல்லியிருக்கிறது அம்மா, நாம்தான் படிக்கவில்லை. காஜா, வெள்ளையின் வடிகட்டி வாசல் வழியாகப் போகவில்லை. ஆகவே அது இந்த அறையை விட்டே போகவில்லை. பரணில் ஏறு."

"நானா? மேடம், எனக்குத் தூசி ஒத்துக்காது."

"அதனால்தான் உன்னை ஏறச் சொல்கிறேன். எங்கே அதிகம் தும்முகிறாயோ அங்கே தேடு."

ஏழாவது தும்மலில், பழைய சாயப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. தெருமண்ணைக் குடித்துக் குடித்துச் சாம்பல் நிறமாகிவிட்ட காகித உருளை. நூல் நிறுக்கும் தராசில் அம்மையார் அதை வைத்தார்.

இரண்டு மார்க்.

ஆறு உள்ளே போயிற்று, இரண்டு வெளியே வந்தது, கூடியது நான்கு. கீர்த்தி அந்தக் கணக்கை ஒருமுறை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பது அவள் உதடுகளில் தெரிந்தது.

"அப்போ நானே டேப் ஒட்டி, நானே கடைக்குக் குடுத்தனுப்பி..."

"ஆம். கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது."

"தினகரன்!" என்று துள்ளினான் காஜா. "அஞ்சு நிமிஷம், தண்ணி, சாவி. சலாம் போட்டுத் திருடியிருக்கான் மேடம்!"

ஒருவேளை இருக்கலாம். அம்மையார் வடிகட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் அந்தப் பள்ளத்தைக் கடந்தார்.

கச்சபா ஹோம் அப்ளையன்ஸில் தினகரன் புதுச் சட்டை அணிந்து, தலையைப் படிய வாரி நின்றிருந்தான். காஜா வாடிக்கையாளன் போல உள்ளே நுழைந்தான்.

"தம்பி, பத்துக்குப் பத்து ரூமு. மூச்சு வாங்கற மாதிரி இருக்கணும், விலை மூச்சு வாங்க வெக்கக் கூடாது."

"சின்ன ரூமுக்குப் பெரிய மெஷின் வேஸ்ட்டு சார். அப்புறம் மெஷின் விலையைப் பாக்காதீங்க, ஃபில்டர் விலையைப் பாருங்க. மெஷின் ஒரு வாட்டி வாங்கறீங்க. ஃபில்டர் வருஷா வருஷம் வாங்கணும்."

"பொண்ணு பாக்கும்போது எனக்கு யாரும் இப்படிச் சொல்லலயேப்பா."

அம்மையார் பேச்சை வளர்க்கவில்லை. துணிப்பையைத் திறந்து உருளையை மேசைமேல் வைத்தார். "இது யாருடையது?"

தினகரன் அதைப் பார்த்தான். முகம் வெளுத்தது. காஜா வெற்றிப் பார்வை பார்த்தான். ஆனால் அடுத்து வந்த சொற்கள் அவன் எதிர்பார்த்தவை அல்ல.

"ஐயையோ! இது வெள்ளை மாடல் ஃபில்டராச்சே. டீச்சர் வீட்டுலருந்தா? அப்போ ஃபில்டர் இல்லாமயே அதை வித்துட்டனா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் மேடம்!"

அம்மையார் தம் பணிக்காலத்தில் ஆயிரம் பொய்களைக் கேட்டவர். பொய் சொல்பவன் முதலில் பொருளைப் பார்ப்பான்; பிறகு கேட்டவரைப் பார்ப்பான். இவன் முதலாளியின் அறைக்கதவைப் பார்த்தான்.

"விற்றுவிட்டாயா? யாருக்கு?"

"வந்த அன்னிக்கே போயிடுச்சு மேடம். டெமோ பீஸ்னா விலை கம்மி இல்ல? ஒருத்தர் முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தாரு. 'எங்க அக்கா வூட்லருந்து வெள்ளை திரும்பி வரும். டேப்பைப் பிரிக்காம அப்படியே எனக்குக் குடுத்துடு'ன்னு."

காஜாவின் முகத்திலிருந்து வெற்றி மெல்ல வடிந்தது.

"எப்போது சொல்லி வைத்தான்?" என்றார் அம்மையார். விடை அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் கேட்பதுதான் இத்தொழிலில் மிகவும் அலுப்பானது.

"நான் தூசி தட்டிட்டு வந்தது ஞாயித்துக்கிழமை. மறுநாள் காலையில கடை தொறக்கறப்போ வந்து நின்னாரு. பில்லு போட்டிருக்கேன், பாருங்க."

பில்லில் பெயர் இருந்தது, கைப்பேசி எண் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. வி. விக்னேஷ், வேலூர்.

வெள்ளையை வேண்டாம் என்று கீர்த்தி முடிவெடுத்தது அதற்கு ஆறு நாள் கழித்து. தேர்வு முடிவதற்கு முன்பே முடிவை அறிந்தவன் ஒருவன் இருந்தான். ஏனெனில் மாணவனின் புத்தகத்தைக் கிழித்தவனும் அவனே: அந்த ஞாயிறு இரவு அறையில் தனியே படுத்து, தான் மாட்டிய கேமராவின் கண்ணில் படாமலிருக்க, வடிகட்டியை எடுத்துவிட்டு ஜரிகையை எந்திரத்துக்குள் வைத்தவன்.

திரும்பும் வழியில் காஜா நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டான்: "மேடம், நம்மள கூப்பிட்டதே அந்தம்மாதான். அவங்க தம்பின்னு அவங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

"அஞ்சலில் ஒரு வழக்கம் உண்டு காஜா. பொதியில் என்ன இருந்தாலும், முகவரியில் உள்ளவரிடம் சேர்த்துவிட வேண்டும்."

நாலே முக்கால். மணிவண்ணன் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, புகார் எழுதிய தாளைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். அம்மையார் கீர்த்தியின் அருகே அமர்ந்து, பில்லின் நகலை அவள் கையில் கொடுத்தார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். மூச்சு இழுத்தது.

"பேரு ஒரே மாதிரி இருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாம்."

"சின்ன வயசுல அவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான் மேடம்."

கீர்த்தி வடிகட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னர் கைப்பேசியை எடுத்தாள். மணிவண்ணன் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் மணி நான்கு முறை அடித்தது.

"சொல்லுக்கா. உடம்பு எப்படி இருக்குது?"

"இருக்குதுடா. விக்கி, அந்த வெள்ளை மெஷினை நீதான் வாங்கினியாமே? சொல்லவேயில்லையே."

"ஆமாக்கா... சும்மா, சீப்பா வந்துச்சு. எங்க ரூம்லயும் ஒரே தூசி."

"எப்படி இருக்குது? எத்தனை மார்க் குடுக்கலாம்?"

"செமக்கா! பத்துக்குப் பத்து. ரூம்ல தூசின்றதே இல்ல."

"ஃபில்டரைக் கழட்டிப் பாத்தியா? அழுக்காயிருந்தா மாத்தணும்."

"நேத்துதான் கழட்டிப் பாத்தேன்க்கா. புதுசு மாதிரி வெள்ளையா இருக்குது."

கீர்த்தி மடியிலிருந்த சாம்பல் நிற உருளையைப் பார்த்தாள்.

"அப்போ என் மடியில இருக்கறது இன்னாடா?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பேருந்து ஒலிப்பான் மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா... இல்லக்கா... நான் சொல்றதைக் கேளு..." என்று குரல் சிறுபிள்ளையுடையது போலக் குறுகியது.

"கேக்கறேன்டா. ஆனா மொதல்ல ஜரிகை வரணும். வரும்போது நீயும் வரணும். எல்லாத்தையும் உங்க மாமா கேக்கட்டும், ஸ்டேஷன்லயும் கேக்கட்டும். நீலாம்பாக்கா பேரை நீ கெடுத்தியே, அதை மட்டும் நான் கேக்கறேன்."

கைப்பேசியை வைத்தாள். கீர்த்தி கை நீட்டினாள். மணிவண்ணன் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து நீலாம்பாள் என்னும் பெயரை ஒரே கோடாக அடித்தாள். மேலே வேறொரு பெயரை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. மூன்று எழுத்து எழுதியதும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு மீதியையும் எழுதி முடித்தாள்.

"கெளம்புங்க. ஸ்டேஷன் அப்புறம். மொதல்ல நீலாம்பாக்கா வூடு."

"நான் இன்னா மொகத்தோட கீர்த்தி அங்க போவேன்?"

"இருக்கற மொகத்தோட."

மணிவண்ணன் கூடத்துக்குப் போனார். தராசு மாடத்தில் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து நான்கு சிட்டம் பட்டு நூலை வெளியே எடுத்தார். அவருடைய தகப்பனார் காலம் முதல் அந்த வீட்டிலிருந்து ஓர் இழை நூலும் நிறுக்காமல் வெளியே போனதில்லை. அவர் தராசின் பக்கம் போனார், நின்றார், பிறகு நூலை அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

காஜா அம்மையாரின் காதோரம் குனிந்தான். "நிறுக்கல மேடம்."

"பார்த்தேன்."

"நீலாம்பாக்கா கையில வாங்கினதும் எத்தனை மார்க்குன்னு சொல்லிடும்."

"சொல்லமாட்டாள்" என்றார் மங்கையர்க்கரசி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "வா காஜா. அவர்கள் பள்ளத்தைத் தாண்டும்வரை பின்னாலேயே போவோம்."